மருத்துவத்தில் ரப்பர் பால்

(வேதியியல் மூன்றாமாண்டு மாணவர் ஒருவர், பள்ளிபாளையம்)

முன்னுரை

ரப்பர் என்றவுடன் நம் வட்டாரத்தில் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது லாரி டயர்தான். நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு போட வெளி மாநிலங்களுக்கெல்லாம் புறப்படுகின்றன. தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டை ஒட்டும் பட்டறைகளைச் சாலையோரங்களில் காணலாம். ஆனால் டயருக்குள் அடங்கியுள்ள அதே மரத்துப் பால்தான் அறுவை மருத்துவர் அணியும் கையுறையாகவும், சிறுநீர்க் குழாயாகவும், ஆணுறையாகவும் உருமாறி மனித உடலோடு நேரடியாக உறவாடுகிறது. சாலையில் ஓடும் ரப்பரிடம் நாம் வேண்டுவது வலிமை. உடலைத் தொடும் ரப்பரிடம் வலிமையோடு தூய்மையும் வேண்டும். இவ்விரண்டாவது தேவையைப் பற்றியதே இக்கட்டுரை.

இதை எழுதத் தூண்டியது என் வீட்டு நிகழ்ச்சி ஒன்று. என் தந்தையார் விசைத்தறி ஓட்டுபவர். அக்காள் செவிலியர் படிப்பு முடித்து ஆற்றுக்கு அக்கரையில் ஒரு மருத்துவமனையில் பணிபுரிகிறாள். சேர்ந்த இரண்டாம் ஆண்டிலேயே அவளுடைய புறங்கைகள் சிவந்து தடித்தன. "கையுறை போட்டாலே ஊறல் எடுக்குதுடா தம்பி" என்பாள். அம்மா, "தேங்காயெண்ணெய் தடவிக்கிட்டுப் போ கண்ணு, சரியாப் போயிரும்" என்று சொல்லி அனுப்புவார். சரியாகவில்லை. சில மாதங்களில் வார்டுக்குள் நுழைந்தாலே தும்மலும் கண்ணெரிச்சலும் வந்தன. கடைசியில் தோல் மருத்துவரிடம் சென்றபோது அவர் கேட்ட கேள்வி எங்களைத் திகைக்க வைத்தது: "வாழைப்பழம் சாப்பிட்டால் வாயில் அரிக்கிறதா?" ஆம், அரிக்கிறது என்றாள் அக்காள். காவிரிக் கரையில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தவளுக்கு இப்படியொரு கேள்வியா! கையுறைக்கும் வாழைப்பழத்துக்கும் என்ன உறவு என்று தேடப் புறப்பட்டேன். அத்தேடலில் கற்றவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பால் வடியும் மரம்

பால் வடியும் செடிகள் நமக்குப் புதியவை அல்ல. எருக்கு, கள்ளி, ஆல், பப்பாளி ஆகியவற்றைக் கிள்ளினால் பால் கசியும். ஆனால் வாணிகத்துக்கு உதவும் ரப்பரில் மிகப் பெரும்பகுதியைத் தருவது 'ஹீவியா பிரேசிலியென்சிஸ்' என்னும் ஒரே மரம். அமேசான் காட்டில் பிறந்த இம்மரத்தின் ஏறத்தாழ 70,000 விதைகளை ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் 1876-இல் இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை சில ஆயிரமே. அந்நாற்றுகளிற் பெரும்பாலானவை அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு ஹெனரத்கொடை தோட்டத்தில் வேரூன்றின. ஆசியாவின் ரப்பர்த் தோட்டங்கள் பலவற்றுக்கும் மூலம் அந்த நாற்றுகள்தாம்.

இம்மரத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை தேவை. நம் சமவெளியில் பெய்யும் மழை அதில் பாதிகூட இல்லை. தமிழகத்தில் இரு பருவமழையும் பெறும் கன்னியாகுமரி மாவட்டமே ரப்பரின் தாயகம் எனலாம். குலசேகரம், கீரிப்பாறை முதலிய பகுதிகளில் மலையடிவாரம் முழுதும் ரப்பர்த் தோட்டங்களே. தமிழக அரசின் 'அரசு ரப்பர் கழகம்' 1984-இல் நிறுவப்பட்டதும் அம்மாவட்டத்தில்தான்.

பால் வெட்டும் தொழிலாளர் விடியுமுன்பே தோட்டத்துக்குள் இறங்கிவிடுவர். இரவின் குளிர்ச்சியில் மரத்தின் பாற்குழல்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயிலேறினால் அது குறைந்துவிடும். மரப்பட்டையில் சாய்வாக, மெல்லிய சீவல் ஒன்றை எடுப்பார்கள். சற்று ஆழமாகப் போனால் மரம் காயப்படும். மேலோட்டமாகப் போனால் பால் வராது. கத்தி பிடிப்பதிலுள்ள இந்த நுட்பம் பல ஆண்டுப் பழக்கத்தால் வருவது. வடியும் பால் கீழே கட்டிய சிரட்டையில் சேர்கிறது. சில மணி நேரத்தில் வடிதல் தானே நின்றுவிடும். வெட்டுவாயில் பால் உறைந்து காயத்தை அடைத்துக்கொள்வதே காரணம். இந்த உறைதலை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

பாலில் இருப்பது என்ன?

புதிய ரப்பர் பாலில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு ரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். சிறிதளவு புரதம், சர்க்கரை, பிசின், தாதுப்பு ஆகியனவும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ரப்பர்த் துளிகள் நீரில் மிதக்கும் கூழ்மம் இது. ஒவ்வொரு துளியையும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த உறை சூழ்ந்துள்ளது. அவ்வுறை எதிர் மின்னூட்டம் பெற்றிருப்பதால் துளிகள் ஒன்றையொன்று விலக்கி ஒட்டாமல் மிதக்கின்றன. அமிலம் சேர்த்தால் அம்மின்னூட்டம் நீங்கிப் பால் திரிந்துவிடும். வீட்டில் பாலில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் நடப்பதைப் போன்றதே இது.

ரப்பரின் மூலக்கூறு, ஐந்து கரியணுவும் எட்டு ஹைட்ரஜன் அணுவும் கொண்ட ஐசோபிரீன் என்னும் அலகு ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. இச்சங்கிலிகள் சிக்கலான நூற்கண்டு போல் சுருண்டு கிடக்கின்றன. இழுத்தால் நிமிரும், விட்டால் மீண்டும் சுருளும். ஒரு ரப்பர் வளையத்தைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்துப் பாருங்கள்: இளஞ்சூடாக இருக்கும். சற்று நேரம் இழுத்தபடியே வைத்திருந்து, பின் சுருங்க விட்டு வையுங்கள்: குளிர்ந்திருக்கும். ஒழுங்கு குலைந்த நிலைக்குத் திரும்ப விழையும் இயல்பே ரப்பரின் மீள்திறன் என்பதை இந்தக் காசில்லாச் சோதனை காட்டிவிடும்.

ஆனால் வெறும் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-இல் சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர், ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் இக்குறை நீங்குவதைக் கண்டறிந்தார். கந்தக அணுக்கள் சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பாலங்கள் அமைக்கின்றன. பாவுநூல் மட்டும் இருந்தால் துணியாகாது, ஊடைநூலும் வேண்டும் என்பது தறிக்காரர் பிள்ளைகளாகிய நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இம்முறைக்கு ரோமானியரின் தீக்கடவுளாகிய வல்கனின் பெயரால் 'வல்கனைசேஷன்' என்று பெயர் வந்தது.

பாலிலிருந்து கையுறை

டயருக்குச் செல்லும் ரப்பரைத் தோட்டத்திலேயே அமிலமிட்டு உறையவைத்து, ஷீட்டாக அழுத்திப் புகைபோட்டு உலர்த்துவது வழக்கம். மருத்துவப் பொருளுக்கு அப்படியன்று. பால் பாலாகவே ஆலைக்குப் போய்ச் சேரவேண்டும். எனவே உடனே அம்மோனியா சேர்த்துக் கெடாமல் காப்பர். பிறகு மைய விலக்குப் பொறியில் சுழற்றுவர். தயிர் கடைந்து வெண்ணெய் எடுப்பதுபோல் இலேசான ரப்பர் ஒருபுறமும் நீர் மறுபுறமும் பிரிகின்றன. இவ்வாறு நூற்றுக்கு 60 பங்கு ரப்பர் கொண்ட செறிவுப் பால் கிடைக்கும். நீரோடு புரதத்திலும் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது.

இச்செறிவுப் பாலில் கந்தகம், துத்தநாக ஆக்சைடு, வினையை விரைவுபடுத்தும் முடுக்கிகள், காற்றால் கெடாமல் காக்கும் பொருள்கள் ஆகியவற்றைக் கலப்பர். பீங்கானால் ஆன கை வடிவ அச்சுகள் சங்கிலியில் தொங்கியபடி முதலில் கால்சியம் நைட்ரேட்டுக் கரைசலிலும் பின்னர்ப் பாலிலும் முங்கி எழுகின்றன. அச்சின்மேல் படிந்த கால்சியம் பாலை உறையச் செய்ய, மெல்லிய ஏடு படிகிறது. அதன்பின் வெந்நீர்த் தொட்டி. கரையக்கூடிய உப்பும் புரதமும் எஞ்சிய முடுக்கியும் இங்கேதான் அலசப்படுகின்றன. அடுத்துச் சூட்டடுப்பில் வல்கனைசேஷன் முற்றுப்பெறும். பிறகு கையுறை உரித்தெடுக்கப்படுகிறது.

ஓட்டை இருக்கிறதா என்று அறியக் கையுறைக்குள் ஒரு லிட்டர் நீர் ஊற்றி இரண்டு நிமிடம் தொங்கவிட்டுப் பார்ப்பது உலகெங்கும் வழங்கும் சோதனை. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரிகள் எடுத்து இவ்வாறு சோதிக்கப்படுகின்றன.

இத்தொழிலில் நம் நாடு பின்தங்கிவிடவில்லை. குடும்பநலத் திட்டத்துக்கான ஆணுறைகளை உள்நாட்டிலேயே செய்ய, நடுவண் அரசு 1966-இல் 'இந்துஸ்தான் லேடெக்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கியது. ஜப்பானின் ஒகமோட்டோ நிறுவனத் தொழில்நுட்ப உதவியுடன் திருவனந்தபுரத்தை அடுத்த பேரூர்க்கடையில் அமைந்த ஆலை 1969 ஏப்ரலில் உற்பத்தியைத் தொடங்கிற்று. 'நிரோத்' என்ற பெயர் நாட்டின் மூலை முடுக்கெல்லாம் பரவியது. இன்று அது எச்.எல்.எல். லைஃப்கேர் என்ற பெயரில் இயங்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து மரத்தின் பால், ஒரு நாட்டின் பொதுநலத் திட்டத்துக்கே கருவியானது எண்ணிப் பார்க்கத் தக்கது.

ஒரு செவிலியின் கைகள்

அறுவை அரங்கில் ரப்பர்க் கையுறை நுழைந்த வரலாறு சுவையானது. 1889-90 ஆம் ஆண்டு குளிர்காலத்தில், அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டன் என்ற செவிலி பணிபுரிந்தார். கிருமி நீக்கப் பயன்பட்ட மெர்க்குரிக் குளோரைடுக் கரைசலால் அவர் கைத்தோல் வெந்து புண்ணாயிற்று. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர்க் கம்பெனியிடம் சொல்லி அவருக்காக மெல்லிய ரப்பர்க் கையுறைகள் செய்வித்தார். அதே ஆண்டில் அவ்விருவரும் மணம் புரிந்துகொண்டனர். கையுறை நோயாளியையும் காக்கிறது, அறுவைப் புண்ணில் சீழ் பிடிப்பதைக் குறைக்கிறது என்பது பின்னரே தெரியவந்தது. ஆக, அறுவைக் கையுறை அங்கே முதலில் வந்தது நோயாளிக்காக அன்று. ஒரு செவிலியின் கைகளுக்காக!

1930-களில் பிரெடெரிக் ஃபோலி என்ற மருத்துவர் நுனியில் சிறு பலூன் கொண்ட சிறுநீர்க் குழாயை உருவாக்கினார். பலூனில் நீர் நிரப்பினால் குழாய் நழுவாமல் உள்ளேயே தங்கும். மென்மை, மீள்திறன், நீர் புகாமை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த பொருள் ரப்பர் பாலைப் போல் வேறில்லை. 1980-களில் எயிட்ஸ் நோய் பரவியபோது, எல்லா நோயாளியின் குருதியையும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையாளவேண்டும் என்று 1987-இல் அமெரிக்காவில் நெறிமுறை வகுக்கப்பட்டது. கையுறையின் தேவை திடீரெனப் பன்மடங்கு பெருகியது. விரைந்து செய்யப்பட்ட கையுறைகள் பலவற்றில் அலசல் போதவில்லை.

காப்பதே கடிக்கும்போது

கையுறையால் வரும் தொல்லைகள் மூவகை. முதலாவது, வியர்வையாலும் அடிக்கடி கழுவுவதாலும் வரும் வெறும் எரிச்சல். இரண்டாவது, முடுக்கி வேதிப்பொருள்களால் ஓரிரு நாள் கழித்துத் தோன்றும் தோல் தடிப்பு. மூன்றாவதே அபாயமானது: ரப்பர் பாலிலுள்ள புரதத்தை உடல் பகையெனக் கருதி எதிர்ப்புரதம் உண்டாக்கிவிடுவது. அத்தகையவருக்குச் சில நிமிடங்களில் அரிப்பு, தும்மல், மூச்சுத் திணறல் ஏற்படும். இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே கேடு வருவதும் உண்டு. ரப்பர் பலூன் பொருத்திய எனிமாக் குழாய்களால் நோயாளிகள் சிலர் இறந்த பின்னர், 1991-இல் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிருவாகம் மருத்துவர்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. ரப்பர்ப் பொருளை நாளும் கையாளும் மருத்துவப் பணியாளருள் நூற்றுக்கு 8 முதல் 12 பேர் வரை இவ்வொவ்வாமைக்கு ஆளாகியிருப்பதாக 1997-இல் அந்நாட்டுத் தொழில் சுகாதார நிறுவனம் தெரிவித்தது. முதுகுத்தண்டுக் குறையோடு பிறந்து பலமுறை அறுவைக்கு உள்ளாகும் குழந்தைகளிடம் இது இன்னும் மிகுதி.

வாழைப்பழத்தின் புதிரும் இங்கேதான் அவிழ்கிறது. வெட்டுவாயில் பால் உறைவதைச் சொன்னோமல்லவா? அதில் பங்குகொள்ளும் சிறு புரதத்துக்கு 'ஹெவின்' என்று பெயர். காயத்தின் வழியே நுழைய முயலும் பூஞ்சையின் உடற்சுவரைப் பற்றிக்கொள்ளும் ஆற்றலும் அதற்குண்டு. மரத்துக்கு அது மருத்துவன். ஆனால் செவிலியர் பலருக்கு ஒவ்வாமை தரும் முதன்மையான புரதங்களுள் ஒன்றும் அதுவே. வாழை, வெண்ணெய்ப்பழம் முதலிய கனிகளும் பூஞ்சையிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ள ஹெவினை ஒத்த பகுதியுடைய புரதங்களை வைத்திருக்கின்றன. ஒன்றை எதிர்க்கப் பழகிய உடல் மற்றொன்றையும் எதிர்க்கிறது. ரப்பர் ஒவ்வாமையுள்ளோரில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப் பேர் வரை இத்தகைய கனி ஒவ்வாமையும் காணப்படுவதாக ஆய்வாளர் கூறுவர்.

அடுத்தது தும்மல். கையுறை கையில் எளிதாக ஏறுவதற்காகச் சோள மாவு தூவுவது நெடுநாள் வழக்கம். அம்மாவு புரதத்தைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு, கையுறையை உரிக்கும்போதெல்லாம் காற்றில் பறக்கிறது. பாவுக்குப் போட்ட கஞ்சி தறியோட்டத்தில் பஞ்சோடு சேர்ந்து பறந்து தறிக்குடோன் முழுவதும் படிவதை நாம் நாளும் பார்க்கிறோம். அதையே நோயாளி வார்டில் எண்ணிப் பாருங்கள். அக்காள் தன் கையுறையைக் கழற்றி எறிந்தாலும், அடுத்த படுக்கையில் மற்றொருவர் உரிக்கும் கையுறையின் மாவு அவள் மூக்கில் ஏறுகிறது.

எண்ணெய் என்னும் பகை

அம்மா சொன்ன தேங்காயெண்ணெய் வைத்தியத்தையும் ஆராய வேண்டும். ரப்பர் கரிமச் சங்கிலி; எண்ணெயும் அதே இனம். எண்ணெய் ரப்பருக்குள் ஊறிச் சங்கிலிகளை விலக்குகிறது. ரப்பர் உப்பி வலுவிழக்கிறது. பலூன் துண்டு ஒன்றை மண்ணெண்ணெயில் ஒரு நாள் போட்டுவைத்தால் அது பருத்து நைந்துபோவதைக் காணலாம். தேங்காயெண்ணெய் அவ்வளவு விரைவாகச் செயற்படாது எனினும் செய்யும் கேடு அதே வகையே. எனவே எண்ணெய் தடவிய கையில் ரப்பர்க் கையுறை அணிவது, ஊறலைத் தணிக்காததோடு தொற்றுக்குக் கதவையும் திறந்துவிடும். ஆணுறைக்கும் இவ்விதி பொருந்தும். எண்ணெயும் வாசலினும் அதற்கு ஆகா. அம்மாவின் அன்பில் குறையில்லை. வேதியியல்தான் குறுக்கே நின்றது.

தீர்வுகள்

ரப்பர் பாலையே ஒதுக்கிவிடலாமா? பெட்ரோலிய வழிப் பொருளான நைட்ரைல் கையுறையில் இந்த மரப்புரதம் இல்லை. எண்ணெயையும் நன்கு தாங்கும். ஒவ்வாமை வந்துவிட்டவர்க்கு அதுவே வழி. சிலிக்கோன் குழாய்களும் உண்டு. ஆயினும் நைட்ரைலிலும் முடுக்கிகளால் தோல் தடிப்பு வரக்கூடும். மெல்லிய அறுவைக்கு வேண்டிய மீள்திறனில் ரப்பர் பாலே இன்றும் பலரின் தேர்வு. குமரி மாவட்டத்துப் பால் வெட்டுத் தொழிலாளரின் பிழைப்பும் அதில் அடங்கியுள்ளது.

குற்றம் மரத்தின்மேல் இல்லை. அலசாமல் விட்டதிலும் மாவு தூவியதிலும் இருக்கிறது. பாலை இருமுறை மைய விலக்குப் பொறியில் இடுதல், நொதிகளால் புரதத்தைச் சிதைத்தல், வெந்நீரில் போதிய நேரம் அலசுதல், மாவுக்குப் பதிலாகக் குளோரின் கொண்டு மேற்பரப்பை வழவழப்பாக்குதல் ஆகிய முறைகளால் புரதத்தை மிகவும் குறைக்க முடிகிறது. ஜெர்மனியில் 1990-களின் இறுதியில் மாவு பூசிய ரப்பர்க் கையுறைகள் விலக்கப்பட்டபின், சில ஆண்டுகளிலேயே பணியாளரின் ஒவ்வாமைப் புகார்கள் பெருமளவு குறைந்தன. அமெரிக்கா 2017 ஜனவரியில் மாவு பூசிய மருத்துவக் கையுறைகளை முற்றிலும் தடை செய்தது.

மற்றொரு வழியும் உண்டு. நம் வயலோரங்களில் தொல்லை தரும் பார்த்தீனியம் களைக்கு 'குவாயூலே' என்ற ஓர் உறவுச் செடி மெக்சிகோவின் வறண்ட நிலங்களில் வளர்கிறது. அதன் ரப்பரில் ஹீவியாவின் ஒவ்வாமைப் புரதங்கள் இல்லை. அதிலிருந்து செய்த கையுறைக்கு 2008-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. களையின் குடும்பத்திலும் ஒரு நல்ல பிள்ளை!

முடிவுரை

அக்காள் இப்போது நைட்ரைல் கையுறை அணிகிறாள். அதைத் தன் சம்பளத்திலிருந்தே வாங்கிக்கொள்கிறாள். கைகள் ஆறிவிட்டன, தும்மல் முழுதும் நிற்கவில்லை. வார்டில் மற்றவர்கள் அணிவது இன்னும் மாவு பூசியதுதான், அது சில காசு மலிவு என்பதால். ஒருவர் மாறுவதால் மட்டும் இது தீராது, வார்டே மாறவேண்டும் என்பது அவளிடமிருந்து நான் கற்ற பாடம்.

வாசக நண்பர்கள் மனத்தில் இருத்தவேண்டியவை சில. பலூன் ஊதும்போதோ, கையுறை அணிந்தபோதோ, வாழைப்பழம் உண்டபோதோ உங்களுக்கு வாயிலும் கையிலும் அரிப்பு எழுமானால், எந்த அறுவைக்கும் பல் சிகிச்சைக்கும் முன்பு அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மருத்துவமனையில் பணிபுரியும் உறவினர் இருந்தால் மாவில்லாக் கையுறை கேட்கச் சொல்லுங்கள். கை ஊறலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு ரப்பர்க் கையுறை அணியவேண்டாம் என்று கூறுங்கள்.

நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் முன் ஒரு செவிலியின் கைகள் வெந்ததைக் கண்டு ஒருவர் இரங்கியதால் அறுவை அரங்குக்குக் கையுறை வந்தது. இன்று செவிலியரின் கைகள் அதே கையுறையால் புண்படுமானால், அன்று காட்டிய அக்கறையை மீண்டும் ஒருமுறை காட்டுவதே நாம் செய்யத்தக்கது. அதற்கு வேண்டிய வேதியியல் நம்மிடம் இருக்கிறது. கூடுதலாகச் சிறிது வெந்நீரும், சில காசும், மனமும் இருந்தாற் போதும்.